கொள்ளிடம் வழியாகக் கடலில் சேரும் காவிரி நீர் வீணா?

கடைமடை விவசாயி: கொள்ளிடத்தில் இன்னும் கதவணைகள் (கதவுகள் வைத்த தடுப்பணைகள்) கட்ட வேண்டும் என்று கேட்டால், சுற்றுச்சூழல் என்று சொல்லித் தடுக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அது ஒரு நாளைக்கு 17 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. தான். கொள்ளிடம் பிரியும் முக்கொம்பின் மதகுகளையே அடித்துச் சென்ற வெள்ளம் கடலுக்குப் போனபோது, கடைமடையில் நாங்கள் தண்ணீருக்குக் காத்திருந்தோம்.

கழிமுகத்தான்: ஐயா, வெள்ளக் காலக் கணக்கை வைத்து ஆற்றின் நலத்தை அளக்க முடியாது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஆற்றின் 740 டி.எம்.சி.யை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாகக் கொண்டது 4. அந்தப் பத்தும் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. வீதம், கர்நாடகம் தரும் நீரை எல்லையில் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டியது, அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடி. கோடையில் ஆற்றில் வரும் நீரிலிருந்துதான் கரையோர ஊர்கள் தொடங்கி இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரை எல்லாவற்றுக்கும் எடுத்தாக வேண்டும் என்னும்போது, கழிமுகத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? மணல் அள்ளிப் பள்ளமான ஆற்றில் கடல்நீர் ஏறுவது அந்த மாதங்களில்தான்.

கடைமடை விவசாயி: உவர்நீர் ஏறுவதைத் தடுக்கத்தானே ஆதனூர்–குமாரமங்கலம் போன்ற கதவணைகளைக் கேட்டோம்? 2023இல் ஜூன் 12 அன்று திறந்த மேட்டூரை அக்டோபரிலேயே மூடினார்கள். குறுவை காய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்களிடம் கடலுக்கும் பங்கு கொடுங்கள் என்று சொல்வது எளிதன்று.

பெங்களூருவாசி: இருவரும் அளவை மட்டுமே பேசுகிறீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 எங்கள் நகரத்துக்கானது. எங்கள் கழிவுநீரில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் வருகிறது. பிலிகுண்டுலுவில் அதையும் சேர்த்தே கன அடியில் அளக்கிறார்கள்.

கழிமுகத்தான்: அதை மறுக்கவில்லை, கோடையில் ஓட்டம் குறையக் குறைய அந்தக் கழிவின் அடர்த்தி கூடும். கதவணைக்கு வருகிறேன். அதற்கு மேற்புறம் நன்னீர் நிற்கும், நிலத்தடி நீரும் ஊறும். ஆனால் கீழ்ப்புறம், கடலோரப் பழையாறு ஊர் வரையுள்ள ஆறு மாதக்கணக்கில் வெறும் உப்பங்கழியாகிவிடும். கட்டுங்கள், ஆனால் கோடையில் கதவுகளுக்குக் கீழே குறைந்தது எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கட்டுமான ஆணையிலேயே எழுதுங்கள்.

கடைமடை விவசாயி: எழுதலாம். ஆனால் அந்த நீரை எங்கள் குறுவைப் பங்கிலிருந்து எடுக்கக் கூடாது. பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டிய அந்தப் பத்தை மாதந்தவறாமல் வாங்கித் தந்துவிட்டு எழுதட்டும்.