உதவி: டிகேஇண்டரில் மெனுவைப் பிரித்துத் தனி ஜன்னலாக வைத்தால் வரும் சிக்கல்கள்

கேள்வி (கோத்தகிரி)

பச்சைத் தேயிலைக் கொள்முதல் மையத்துக்கான எடைப் பதிவு மென்பொருள். பைத்தான் 3, டிகேஇண்டர் (பைத்தானில் ஜன்னல், மெனு அமைக்கும் நூலகம்), உபுண்டு. 'ஈரக் கழிவு' (ஈரக் கொழுந்தின் எடையில் தண்ணீருக்காகக் கழிப்பது) மெனுவில் 0, 5, 8, 10, 12 சதவீதம் என்று ஐந்து வரிகள். மெனுவின் தலையில் உள்ள புள்ளிக்கோட்டை அழுத்தினால் மெனு தனியாகப் பிரிந்து திரையிலேயே நிற்கிறது. சாக்குக்குச் சாக்கு மெனுவைத் திறக்க வேண்டியதில்லை, எடை போடுபவருக்குப் பெரிய வசதி. ஆனால்:

1. முதல் வரியின் பெயரை என்ட்ரிகான்ஃபிக் (மெனு வரியின் அமைப்பை மாற்றும் கட்டளை) 0 என்று மாற்றினால் 'அன்னோன் ஆப்ஷன் லேபிள்' என்ற பிழை.
2. காய்ந்த கொழுந்து வரும்போது 10, 12 இரண்டையும் போஸ்ட்கமாண்ட் (மெனு திறக்கும்போது ஓட நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) மூலம் மங்கலாக்குகிறேன். பிரித்த ஜன்னலில் அது மாறுவதில்லை. மேலே உள்ள மூல மெனுவை ஒரு தடவை திறந்தால் மட்டும் மாறுகிறது.
3. புள்ளிக்கோட்டை அழுத்த அழுத்தப் புதுப்புது ஜன்னல் வருகிறது.

பதில் (குன்னூர்)

முதலாவது எளிது. டேர்ஆஃப் (மெனுவைப் பிரிக்கும் வசதி) 1 ஆக இருந்தால் அந்தப் புள்ளிக்கோடே 0-ஆம் வரி. அதற்குப் பெயர் கிடையாது, அதனால்தான் பிழை. உங்கள் '0 சதவீதம்' 1-இல் இருக்கிறது, '12 சதவீதம்' 5-இல். எண்ணை நம்பாமல் வரியின் பெயரையே கொடுத்துத் தேடுங்கள். பின்னால் டேர்ஆஃப்பை நிறுத்தினாலும் நிரல் உடையாது.

இரண்டாவதுதான் உண்மையான தப்பு. போஸ்ட்கமாண்ட், மெனு திறக்கும் நொடியில் மட்டும் ஓடும். பிரித்த மெனு திறந்தபடியே இருப்பதால் அதற்கு மறுபடி அழைப்பே வராது. அது மூல மெனுவின் நகல். மூலத்தில் வரியைச் சேர்த்தாலும் நீக்கினாலும் மங்கலாக்கினாலும் நகலும் உடனே மாறும். நீங்கள் பார்த்ததும் அதுதான். ஆகவே மங்கலாக்கும் வேலையைப் போஸ்ட்கமாண்டிலிருந்து எடுத்து, கொழுந்தின் நிலையைப் பதியும் ஃபங்ஷனுக்குள் வையுங்கள்.

வரிகளை ஆட்கமாண்டாக (சாதாரண வரி) போட்டிருந்தால் ஆட்ரேடியோபட்டனாக (ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வரி) மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்ட்ரிங்வாரை (தேர்வை வைத்திருக்கும் மாறி) கொடுங்கள். எந்தக் கழிவு நடப்பில் இருக்கிறது என்பது பிரித்த ஜன்னலிலும் குறியோடு தெரியும். பணக் கணக்கில் இது இல்லாமல் விடக்கூடாது.

பதில் (கூடலூர்)

மூன்றாவதற்கு, மெனு பிரியும்போது ஓடும் டேர்ஆஃப்கமாண்ட் இருக்கிறது சார். அதில் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு சரங்கள் வரும்: மூல மெனுவின் பெயர், பிரிந்த ஜன்னலின் பெயர். இரண்டாவதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அடுத்தது பிரியும்போது பழையதை டெஸ்ட்ராய் செய்யுங்கள் (அழித்துவிடுங்கள்). பெயரைக் கொடுத்து ஜன்னலைத் தேடும் நேம்டுவிட்ஜெட் இங்கே உதவாது, நகலை டிகேஇண்டர் அறியாது. ரூட்டின் (முதன்மை ஜன்னல்) டிகே.கால் வழியாக, டிகே கட்டளையை நேரடியாகத்தான் அழைக்க வேண்டும். அதே இடத்தில் டபிள்யூஎம் ஜியாமெட்ரி (ஜன்னலின் இடத்தைக் குறிக்கும் கட்டளை) கொடுத்தால், எடைக் கட்டத்தை மறைக்காமல் ஓரமாக நிறுத்தலாம். டைட்டிலில் 'ஈரக் கழிவு' என்று எழுதிவிடுங்கள்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆடி மாதம் முழுக்க ஈரக் கொழுந்துதான். அப்படியான இடத்தில் கழிவை மெனுவிலேயே வைக்கக்கூடாது, முதன்மைத் திரையில் ஐந்து ரேடியோ பட்டன்கள் போதும். மழை நாளில் மட்டும் வேண்டுமென்றால்தான் பிரிக்கும் மெனு சரி.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. ஃபங்ஷனை இடம் மாற்றியதும் இரண்டாவது சரியானது, வரிகளைப் பெயரால் தேடியதில் பிழையும் போனது. மற்ற மெனுக்களில் கை தவறிப் பிரியாமல் இருக்க என்ன வழி?

பதில் (குன்னூர்)

எந்த மெனுவையும் உருவாக்கும் முன் ரூட்டில் ஆப்ஷன்ஆட் (எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பைத் தரும் கட்டளை) கொடுத்து டேர்ஆஃப்பைப் பொதுவாக ஃபால்ஸ் ஆக்குங்கள். கழிவு மெனுவுக்கு மட்டும் டேர்ஆஃப் 1 என்று தனியாக எழுதுங்கள். மேக்கில் பிரிக்கும் வசதி கிடையாது, அங்கே ஓட்டுவதாக இருந்தால் ரேடியோ பட்டன்தான்.