குடும்பக் குழு: ஹூஸ்டன் ஜெயித்த போகி விடியல்

ஞாயிறு, 14 ஜனவரி 2024

சித்தப்பா (ஹூஸ்டன்), காலை 6:22
ஜெயித்துவிட்டோம்! 45-14! மைதானத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

அத்தை, 6:25
இங்கே இன்று போகி. பழைய பாயை வாசலில் கொளுத்திவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தேன். என்ன ஆட்டம் தம்பி?

சித்தப்பா, 6:28
அமெரிக்கக் கால்பந்து அக்கா. எங்கள் ஊர் டெக்சன்ஸ் அணி, பிளே ஆஃபில், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றில், கிளீவ்லாந்தைத் தோற்கடித்துவிட்டது. போன சீசனில் 17 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. இந்த முறை 10! டெமிகோ ரையன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக இருப்பது இதுதான் முதல் வருடம்.

அண்ணன், 6:31
வாழ்த்துகள் சித்தப்பா. ஆனால் பெருமை சி.ஜே. ஸ்ட்ரவுடுக்குத்தான் போக வேண்டும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற குவாட்டர்பேக் அப்படி ஒருவர் கிடைத்தால் எந்தப் பயிற்சியாளரும் வெல்வார்.

சித்தப்பா, 6:36
அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிசம்பரில் ஸ்ட்ரவுட் தலையில் அடிபட்டு இரண்டு ஆட்டங்கள் ஆடவில்லை. அதில் ஒன்றை, டென்னசிக்கே போய், கூடுதல் நேரத்தில் வென்றோம். இன்று மூன்றாவது கால்பகுதியில் ஜோ ஃபிளாக்கோ எறிந்த பந்தை நம் தற்காப்பு வீரர்கள் இரண்டு முறை பறித்து எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் எடுத்தார்கள். ரையன்ஸ் லைன்பேக்கர் என்ற தற்காப்பு இடத்தில் ஆடியவர். தற்காப்பு அவர் கைப்பட்ட வேலை.

நவம்பரில் டாம்பா பே அணியோடு ஆடியதை என்னால் மறக்கவே முடியாது. பந்தை உதைக்கும் ஃபேர்பேர்னுக்குக் காயம். பந்தை ஏந்தி ஓடுகிற ஒகுன்போவாலே வந்து 29 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஃபீல்டு கோல் எடுத்தார். 39-37 என்று வென்றோம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

தாத்தா, 6:41
அந்த ரையன்ஸ் வெளியாளா, முன்பே அந்த அணியில் இருந்தவரா?

சித்தப்பா, 6:43
இருந்தவர்தான் அப்பா. 2006 முதல் ஆறு சீசன் இங்கேயே ஆடினார். ஊரே அவரை அறியும்.

தாத்தா, 6:46
அதுதான் விஷயம். நான் ஆசிரியராக இருந்த பள்ளியிலேயே தலைமையாசிரியர் ஆனேன். யாரிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன், 6:48
அப்படியானால் ரையன்ஸுக்கு முன்பு இருந்த பயிற்சியாளர்கள் திறமை இல்லாதவர்களா?

சித்தப்பா, 6:52
அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டேவிட் கல்லி, லவ்வி ஸ்மித் இருவரையும் ஆளுக்கு ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். அது அநியாயம். ஸ்மித் சிகாகோ அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை அழைத்துப்போனவர். ரையன்ஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடமும் இவர்தான் என்று தெரிந்தால் வீரர்கள் மனம் வைத்து ஆடுவார்கள் அல்லவா?

அண்ணன், 6:54
அது சரிதான். ஒரு சீசன் போதாது. அடுத்து யாரோடு?

சித்தப்பா, 6:57
தெரியாது. பஃபலோவில் பனி கொட்டுவதால் அங்கே நடக்க வேண்டிய இன்னொரு பிளே ஆஃப் ஆட்டம் திங்களுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அது முடிய வேண்டும். ஆட்டம் பெரும்பாலும் வெளியூரில்தான் இருக்கும்.

அத்தை, 6:59
முதலில் வீட்டுக்குப் போய் மிளகுப்பால் குடி. நாளை பொங்கல் பொங்கும்போது உன் குரல் போனில் கேட்க வேண்டும்.