டெலிகிராம் ‘டாஸ்க்’ வேலை: முதல் காசு உண்மையாகவே வந்துவிட்டது, தங்கச்சியை எப்படித் தடுப்பது?

கல்லடி அக்கா
வணக்கம். கொஞ்சம் அவசரம். என் தங்கச்சி களுவாஞ்சிகுடியில் அம்மாவோடு இருக்கிறாள். உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். போன கிழமை வட்ஸ்அப்பில் தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து பகுதிநேர வேலை என்று செய்தி வந்தது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு முதலே சந்தேகம். ஆனால் 1,500 ரூபா உண்மையாகவே அவளுடைய கணக்குக்கு வந்தது. இப்போது ‘சிறப்பு டாஸ்க்’ என்று 25,000 கட்டச் சொல்கிறார்கள், கட்டினால் 38,000 ஆகத் திரும்பி வருமாம். அம்மாவின் காப்பை அடகு வைக்கிற கதை வரை போய்விட்டது. “பொய் என்றால் ஏன் எனக்குக் காசு போட்டாங்க?” என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

வாழைச்சேனைப் பெடியன்
அக்கா, வந்த 1,500 லாபம்தானே. ஒருதரம் கட்டிப் பார்த்து, 38,000 வந்ததும் விலகிவிடலாமே?

மட்டுநகர் கணினிக்காரன்
தம்பி, தயவுசெய்து இப்படிச் சொல்லாதே. அந்த 38,000 கணக்குத் திரையில் மட்டும்தான் ஏறும். எடுக்கப் போனால் “டாஸ்க் மூன்றில் ஒன்றுதான் முடிந்தது, அடுத்ததற்கு 60,000” என்பார்கள். அதையும் கட்டினால் “பிழையாக அழுத்திவிட்டீர்கள், கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது” என்று ஒரு தண்டம், பிறகு வரி. போட்டதை விட மனம் வராமல் ஆட்கள் மேலே மேலே போடுவது இந்த இடத்தில்தான்.

அக்கா, தங்கச்சியின் கேள்விக்குப் பதில்: வாவியில் தூண்டில் போடுகிறவன் இறால் குத்தாமலா போடுவான்? அந்த 1,500தான் இறால். குழுவில் “எனக்கு 90,000 வந்தது, நன்றி மேடம்” என்று ஸ்லிப் போடுகிறவர்களில் பலர் அவர்களுடைய ஆட்களே. ஒரே ஆள் நாலைந்து பெயரில் இருப்பான்.

கல்முனை நானா
தங்கச்சி, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயத்தைப் பாருங்கள். அந்த 1,500 யாருடைய பெயரிலிருந்து வந்தது? கம்பெனிப் பெயரா, தனியாள் பெயரா? 25,000 கட்டச் சொன்ன கணக்கு யாருடையது?

கல்லடி அக்கா
இப்போதுதான் அவளுடைய போனில் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அனுப்பியது ஒரு ஆண் பெயர். கட்டச் சொன்னது ஒரு பெண் பெயர், வேறு வங்கி, ஊரும் எங்கேயோ. ‘கம்பெனி’ என்று சொல்லிக்கொள்ளும் பெயர் இரண்டிலும் இல்லை.

கல்முனை நானா
நினைத்தேன். அந்த ஆணும் உங்கள் தங்கச்சியைப் போல ஏமாந்த இன்னொருவராக இருக்கலாம். ஒருவரிடம் கட்ட வைத்த காசை இன்னொருவருக்குச் சம்பளமாகப் போடுவார்கள். இவர்களுக்குச் செலவும் இல்லை, தடமும் இல்லை. பிறகு அவர் பொலிசுக்குப் போனால் விசாரணையில் முதலில் தெரிவது உங்கள் தங்கச்சியின் கணக்குத்தான். கணக்கு முடக்கப்படலாம். “உன் கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்து அனுப்பு, கமிஷன் தருகிறோம்” என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். அது 25,000ஐ இழப்பதைவிட மோசம்.

இன்னொன்று. இப்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஒன்லைனில் அனுப்பினால் சில நொடியில் போய்விடுகிறது. அந்தப் பக்கம் ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ திருப்பி எடுப்பது மிகக் கஷ்டம்.

அக்கரைப்பற்று டீச்சர்
பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள். ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்கள்: “என் கணக்கில் 38,000 ஏறும்தானே, அதிலேயே 25,000ஐக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புங்கள்” என்று எழுதட்டும். உண்மையான வேலை கொடுப்பவர் சம்பளத்தில் கழிப்பார், கையிலிருந்து கட்டச் சொல்ல மாட்டார்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொன்னார்களா? அப்படியென்றால் கூட்டாளிமாரைச் சேர்க்கவே விட வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களை, அதாவது புதிதாக ஆள் சேர்ப்பதை வைத்தே காசு தருவதாகச் சொல்லும் திட்டங்களை, தடை செய்கிறது. நடத்துகிறவர்களை மட்டுமல்ல, அதில் ஆள் சேர்ப்பவர்களையும் அது பிடிக்கும்.

மட்டுநகர் கணினிக்காரன்
டீச்சர் சொன்ன சோதனை நல்லது. அதற்கு முதல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள், விலக்கியதும் டெலிகிராமில் இரண்டு பக்கமும் அழித்துவிடுவார்கள். (அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிறவனும் சில நேரம் பாவம்தான். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடியில் அடைபட்டு இதே வேலையைச் செய்ய வைக்கப்பட்ட செய்தி தெரியும்தானே.)

கல்லடி அக்கா
எழுதினாள். முதலில் “கம்பெனி விதி அனுமதிக்காது” என்றார்கள். பிறகு “அரை மணிக்குள் கட்டாவிட்டால் உங்கள் குழுவில் மற்ற நாலு பேருக்கும் நட்டம், வழக்குப் போடுவோம்” என்று மிரட்டினார்கள். கட்ட மாட்டேன் என்றதும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். படமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். காப்பு அம்மாவின் கையில்தான் இருக்கிறது.

இரண்டு கேள்வி. அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுப்பியிருக்கிறாள், என்ன செய்வது? மற்றது, இந்த இழையைப் பார்த்து ஒருவர் இன்பொக்ஸில் வந்து, “நான் சைபர் நிபுணர், அவர்களைப் பிடித்துத் தருகிறேன், 5,000 மட்டும்” என்கிறார்.

மட்டுநகர் கணினிக்காரன்
இரண்டாவதற்கு முதலில்: அவரும் அதே கூட்டம்தான். முன்பணம் கேட்டு மீட்டுத் தருகிறேன் என்கிறவர் எல்லோரையும் பிளொக் செய்யுங்கள்.

அட்டைக்கு: இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளுக்கு உதவும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். நாளைக்கு அவளுடைய பெயரில் யாராவது ஒன்லைன் கடன் எடுத்தால் அதுதான் கைகொடுக்கும். வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஓடிபி எதையாவது சொல்லியிருக்கிறாளா என்றும் கேளுங்கள்.

கல்முனை நானா
அந்த 1,500ஐத் தொட வேண்டாம். வங்கிக் கிளைக்கு அவளையே கூட்டிப் போய், காசு எப்படி வந்தது என்று எழுத்தில் கொடுங்கள். பிரதியில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.