டிவிக்குப் பின்னாடி வைக்க சின்ன பேர்போன் பிசி (ராம், எஸ்எஸ்டி இல்லாம வர்றது), எது எடுக்கலாம்?

காட்பாடிக்காரன்:
ஹால்ல 4கே டிவி இருக்கு, அப்பா ஹார்ட் டிஸ்க் நிறைய பழைய படமா சேத்து வச்சிருக்காரு, கோடி (Kodi)ங்கற வீடியோ பிளேயர் சாஃப்ட்வேர் போட்டு அதையெல்லாம் ஓட்டணும். ராம், எஸ்எஸ்டி நானே வாங்கி மாட்டிக்கறேன். இன்டெல் என்100 சிப்பு போதுமா, ஐ3 போகணுமா? ஃபேன் சத்தம் வந்தா அம்மா பெட்டியத் தூக்கி வெளிய வச்சிடுவாங்க.

சத்துவாச்சாரி சிப்பு:
என்100 தாராளம் ப்ரோ. 2023ல வந்தது, 6 வாட் சிப்பு, ஹெச்இவிசி, ஏவி1னு வீடியோ ஃபார்மட் ரெண்டுமே ஹார்ட்வேர்லயே டீகோட் ஆயிடும், ஐ3 தண்டச்செலவு. ஆனா அது சிங்கிள் சேனல் (ராமுக்கு ஒரே வழி தான்), பெரும்பாலும் ராம் ஸ்லாட் ஒண்ணு தான் இருக்கும், 4+4னு ரெண்டு ஸ்டிக் வாங்கிட்டு வந்து முழிக்காத, 8 ஜிபி ஒண்ணா எடு. போர்டு டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆன்னு பாத்துக்கோ, மாத்தி வாங்கினா ராம் ஸ்டிக்கோட அடில இருக்கற வெட்டு வேற இடத்துல இருக்கும், உள்ளயே இறங்காது.

ராணிப்பேட்டை ஆளு:
ஃபேன்லெஸ் (ஃபேனே இல்லாத பெட்டி) எடுத்தா டிவி யூனிட்டுக்குள்ள வச்சு கதவ சாத்திடாதீங்க. கத்திரி வெயில்ல வேலூர் 40 டிகிரிய சாதாரணமா தாண்டும், அந்தப் பெட்டிக்கு மேல் தகடு தான் சூட்ட வெளிய விடற ஹீட்சிங்க்கே, தொட முடியாது. வேசா மவுன்ட்ல (டிவி பின்பக்க ஸ்க்ரூ ஓட்டைல மாட்டற தகடு) டிவி முதுகுல மாட்டிடுங்க.

காட்பாடிக்காரன்:
நன்றிண்ணா. டிவி ரிமோட்லயே ஓட்டலாமா?

சத்துவாச்சாரி சிப்பு:
கஷ்டம், முக்காவாசி மினி பிசில சிஇசி (டிவி ரிமோட்லயே பெட்டிய ஓட்ட விடற ஹெச்டிஎம்ஐ வசதி) கிடையாது, ஏர் மவுஸ் (கையில புடிச்சு ஆட்டி ஓட்டற ரிமோட் மாதிரி மவுஸ்) ஒண்ணு வாங்கிக்கோ. அப்புறம் லினக்ஸ் போட்டா நெட்ஃப்ளிக்ஸ் 4கேல வராது, அதுக்கு டிவி ஆப்பே போதும்.