பழைய சரக்குக் கொட்டகையின் வயதை எப்படிக் கணிப்பது?

கேள்வி: பாதைத்தேடல்

ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தை ஒட்டி நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் செங்கல் சரக்குக் கொட்டகையின் வரலாற்றை, அது இடிக்கப்படுவதற்குள் எழுதிவிட விரும்புகிறேன். கட்டடத்தில் கல்வெட்டு எதுவும் இல்லை. தாழ்வாரத்தைத் தாங்கும் தூண்கள் பழைய தண்டவாளத் துண்டுகள். அவற்றுள் ஒன்றில் 1884 என்று புடைப்பெழுத்தில் இருக்கிறது. இதையே கட்டிய ஆண்டாகக் கொள்ளலாமா? பயணிகள் ரயில் இன்றும் நிற்கும் இடத்தில் சரக்கு மட்டும் ஏன் நின்றுபோனது?

பதில்: இரும்புச்சாலை

கொள்ள முடியாது. தண்டவாளத்தில் இருப்பது அது ஆலையில் உருட்டப்பட்ட ஆண்டு. பல ஆண்டுகள் பாதையில் கிடந்து தேய்ந்த பிறகே அதை எடுத்துத் தூணாக நடுவார்கள். ஆகவே அந்தத் தூண் 1884க்கு முந்தியதல்ல என்று மட்டுமே சொல்லலாம். தாழ்வாரம் பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்தால் சுவர்கள் அதைவிடப் பழையனவாகவும் இருக்கக்கூடும். தாழ்வாரத்தின் உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடங்களைக் கூர்ந்து பாருங்கள்: செங்கல்லை வெட்டிச் செருகியிருந்தால் அது பிற்சேர்க்கை, உத்தரத்தைச் சுற்றியே வரிசை பிசகாமல் கட்டியிருந்தால் இரண்டும் ஒரே காலத்தவை.

பதில்: வரைபடப்பிரியன்

மேலே சொன்னதோடு பழைய வரைபடங்களையும் ஒப்பிட வேண்டும். இரண்டு பதிப்புகளில் முந்தியதில் கட்டடம் இல்லாமலும் பிந்தியதில் இருந்தும் விட்டால், கட்டிய காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் 1867 முதல் சான்பார்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த நகர வரைபடங்கள் செங்கல் கட்டடத்தை இளஞ்சிவப்பிலும் மரக் கட்டடத்தை மஞ்சளிலும் காட்டுகின்றன. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில் நிறுவனங்களின் சொத்துகளை மதிப்பிட்ட பதிவுகளும் அங்கே உண்டு. பிற நாடுகளில் நில அளவைப் படங்களும் ரயில்வேயின் நிலைய வரைபடங்களும் இதே வேலைக்கு உதவும்.

பதில்: கிட்டங்கிக்காரர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மான்செஸ்டரில் இன்றும் நிற்கும் 1830ஆம் ஆண்டுக் கிட்டங்கி முதல் சிற்றூர்க் கொட்டகைகள் வரை அடிப்படை ஒன்றுதான்: ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் சாலை, நடுவே சுமையை இறக்கி, எடைபோட்டு, பிரித்து அடுக்க ஓர் இடம். தளத்தை வேகனின் மட்டத்துக்கு உயர்த்தியதும், மேடையை மறிக்காதபடி பக்கவாட்டில் தள்ளும் கதவுகளை வைத்ததும், வேகன் முழுவதையும் நிரப்பாத சில்லறைச் சரக்கை ஆட்கள் கையால் ஏற்றி இறக்கியதற்காகவே. அந்தச் சரக்குதான் முதலில் லாரிக்குப் போனது. லாரி கடைவாசல் வரை செல்லும்போது இரண்டு முறை ஏற்றி இறக்கும் செலவை யார் ஏற்பார்? பிரிட்டனில் கேட்டவர் சரக்கையெல்லாம் ஏற்க வேண்டிய பொதுச் சுமப்பாளர் கடமையை 1962ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. இந்தியாவிலும் 1980களிலிருந்து தனி வேகன்களுக்குப் பதிலாக முழு ரயிலாகச் சரக்கை அனுப்புவதே முதன்மை பெற்றது. நிலக்கரியும் தானியமும் ரயிலிலேயே தொடர்ந்தன. ஆனால் அவற்றுக்கு இத்தகைய கொட்டகை தேவைப்படவில்லை.

உள்ளே போக அனுமதி கிடைத்தால், கதவுகளின் உட்புறத்தையும் எடைமேடையை ஒட்டிய சுவரையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். சரக்கைச் சரிபார்த்தவர்கள் பென்சிலாலும் சுண்ணக்கட்டியாலும் குறித்த எண்களும் தேதிகளும் அங்கேதான் தங்கியிருக்கும். வெள்ளையடித்துவிட்டால் அவை போய்விடும்.