வியன்னாவில் ரோபோ டெமோ: பேட்டரிக்கும் நெரிசலுக்கும் வழி சொல்லுங்கள்

வணக்கம். 2026 ஐக்ரா (ICRA) என்ற பன்னாட்டு ரோபோ ஆய்வு மாநாட்டில், வியன்னாவில், எங்கள் சக்கர ரோபோவை நேரில் ஓட்டிக் காட்ட வேண்டும். முன் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.

முதல் தலைவலி பேட்டரி. எங்களுடையது 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் லித்தியம், அதாவது 240 வாட்-அவர். பயணிகள் விமானத்தில் 100 வரை பிரச்சினையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் முடியாது. சிறு பேட்டரிகளாகப் பிரித்து யாராவது கொண்டுபோயிருக்கிறீர்களா? இல்லை, அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லதா?

இரண்டாவது, கூட்டம். ஆய்வகத்தில் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) சுவர்களைப் பார்த்து, ரோபோ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கண்காட்சி அரங்கில் அதற்குத் தெரிவதெல்லாம் கால்கள்தான்! போதாததற்குக் கம்பளத்தில் சக்கரம் வழுக்கி, கடந்த தூரக் கணக்கும் தப்பாகிறது. சுற்றிலும் உயரமான பலகை வைத்தால் சரியாகுமா, அல்லது ஏப்ரல்டேக் (கேமரா பார்த்து இடமறிய உதவும் கருப்பு-வெள்ளைச் சதுரக் குறி) ஒட்டுவதே மேலா?

வைஃபையில் ஏற்கெனவே சூடுபட்டாயிற்று. போன முறை ஒரு மாநாட்டில் பொது வைஃபையில் இணைத்தோம். பக்கத்துக் குழுவும் நாங்களும் ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருளில் டொமைன் எண்ணை மாற்றாமல் 0 என்றே விட்டிருந்தோம்; ஒரே வலையில் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒருவர் அனுப்பும் கட்டளை மற்றவர் ரோபோவுக்கும் போகும். அவர்கள் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள, எங்கள் ரோபோ கிளம்பிவிட்டது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள், அது வேறு கதை. இந்த முறை சொந்த ரவுட்டர், தனி எண்.

அப்புறம், கார்னே ஆவணம் (பொருளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) எடுத்தவர்கள் எத்தனை நாள் ஆனது என்று சொன்னால் பெரிய உதவி.