அர்ரேக்கு ‘அணி’ போதாது: ‘தரவணி’ என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலாக்கத்தில் பல மதிப்புகளை ஒரே பெயரில் எண்ணிட்டு அடுக்கி வைக்கும் அமைப்பு அர்ரே (array). அதற்கு ‘அணி’ என்ற தமிழ்ச்சொல் நிலைத்துவிட்டது, இனி அதைக் கிளற வேண்டாம் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். கணினி அறிவியலை மட்டும் மனத்தில் வைத்தால் அது சரியாகக்கூடப் படலாம். பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் அந்தச் சொல் கெடுதலே செய்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். அதைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அணி என்றால் மேட்ரிக்ஸ் (matrix), அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கணித அமைப்பு. வேறு பொருளே கிடையாது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகமோ அர்ரேயை அணி என்கிறது.

ஓம் விதிச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட்மீட்டரில் பத்து அளவீடுகள், அம்மீட்டரில் பத்து அளவீடுகள். இரண்டையும் பைத்தான் என்ற நிரலாக்க மொழியில், எண்கணக்குகளுக்கான நம்பை (NumPy) என்ற நிரல் தொகுப்பின் அர்ரேக்களாக ஏற்றிவிட்டு ஒரே ஒரு வரி எழுதுகிறோம்:

திறன் = மின்னழுத்தம் * மின்னோட்டம்

(பைத்தான் 3-இல் மாறிகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முதல் வாரத்தில் இதைக் காட்டினால் மாணவர்களுக்கு வரும் தெம்பே தனி.) முதல் அளவீட்டை முதல் அளவீட்டோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என்று பெருக்கிப் பத்துத் திறன் மதிப்புகள் வருகின்றன. கணக்கை ஒழுங்காகப் படித்த மாணவர்தான் இங்கே கையைத் தூக்குவார். முதல் அணியின் நிரல்களும் (மேலிருந்து கீழ் வரிசைகள்) இரண்டாம் அணியின் நிரைகளும் (இடமிருந்து வலம் வரிசைகள்) எண்ணிக்கையில் சமமாக இருந்தால்தானே பெருக்க முடியும், இதை எப்படிப் பெருக்கினீர்கள் என்பார். கேள்வி முழுக்க நியாயமானது. குழப்பம் நாம் கொடுத்த சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி கேட்கிறவராவது தப்பித்துக்கொள்வார். கேட்காதவர் பாடுதான் கவலை. முதல் நிரையில் 1, 2. இரண்டாம் நிரையில் 3, 4. இந்த அணியை அதனோடே பெருக்கினால் கணக்கு வகுப்பில் 7, 10, 15, 22 வரும். நம்பை அர்ரேயில் * குறி போட்டால் 1, 4, 9, 16 வருகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. மாணவர் அந்த விடையை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். உண்மையான அணிப்பெருக்கலுக்கு @ என்று தனிக் குறியே 2015-இல் பைத்தான் 3.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. மேட்லாப் (MATLAB) என்ற இன்னொரு கணிப்பு மொழி இதற்கு நேர்மாறு: அங்கே * அணிப்பெருக்கல், உறுப்புக்கு உறுப்பு பெருக்க முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மொழிகளை வடிவமைத்தவர்கள் இரண்டு செயல்களுக்கும் இவ்வளவு மெனக்கெட்டு வேறுபாடு வைத்திருக்கும்போது, நாம் இரண்டு பொருள்களுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பொருளிலும் இவை வேறுதான். மேட்ரிக்ஸுக்கு நிரை, நிரல் என்று இரண்டே திசைகள். அர்ரே ஒரு திசையில் நீளலாம், மூன்றிலும் விரியலாம். வண்ணப் படம் ஒன்றை உயரம், அகலம், நிறம் என்று மூன்று பரிமாணங்களில்தான் வைக்கிறோம். தனிமங்களின் பெயர்களைக்கூட அர்ரேயில் அடுக்கலாம். அவற்றுக்கு ஏது அணிக்கோவை (சதுர அணியின் எண்களிலிருந்து கணக்கிடும் ஒற்றை மதிப்பு)?

மாற்றுச் சொற்களைப் பார்த்தால், ‘வரிசை’ கியூவுக்கு (முதலில் வந்தது முதலில் வெளியேறும் அமைப்பு) போய்விட்டது. ‘அடுக்கு’ ஸ்டேக் (கடைசியில் வந்தது முதலில் வெளியேறும் அமைப்பு), போதாக்குறைக்குக் கணக்கில் படியையும் குறிக்கிறது. ‘கோவை’ இயற்கணிதத்தின் சொத்து. ‘பந்தி’ எனக்குப் பிடித்த சொல்; இலங்கை நண்பர்களுக்கு அது பத்தி என்பதால் விட்டுவிட்டேன். ‘அர்ரே’ என்றே எழுதலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, வகுப்பில் வாயால் அப்படித்தான் சொல்கிறோம். பாடநூலில் கூட்டுச்சொற்கள் வேண்டியிருக்கும்போதுதான் அது இடறுகிறது.

ஆகவே ‘தரவணி’ என்று முன்மொழிகிறேன். தரவு + அணி. நிலவு + ஒளி நிலவொளி ஆவது போன்ற இயல்பான புணர்ச்சி. இருபரிமாணத் தரவணி, தரவணி உறுப்பு, தரவணிச் சுட்டெண் என்று தடையில்லாமல் விரிகிறது. பழைய பாடநூலில் ‘அணி’ என்று படித்தவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. உறுப்புகளை 0-இலிருந்து எண்ணும்போதும், கணித அணியில் 1-இலிருந்துதானே எண்ணுவோம் என்ற தடுமாற்றம் குறையும். காதில் ‘தாவணி’ என்று விழுமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். முதல் நாள் வகுப்பு சிரிக்கும், உண்மைதான். சிரித்த சொல்லை மாணவர்கள் மறப்பதில்லை என்பதால் அதையும் ஆதாயமாகவே பார்க்கிறேன்.

இலங்கையில் மேட்ரிக்ஸைத் ‘தாயம்’ என்பதால், அர்ரேயை அணி என்றாலும் அங்கே இந்த மோதல் எழாது. நாமும் தாயத்துக்கு மாறிவிடலாமே என்ற யோசனை பார்வைக்குச் சுலபமானது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்காகக் கணக்குப் பாடநூல்கள் அத்தனையையும் திருத்த வேண்டும். தரவணிக்கோ நிரலாக்கப் பாடத்தை மட்டும் தொட்டால் போதும்.

இயற்பியல், வேதியியல் ஆய்வகங்களில் பைத்தான் எடுக்கும் ஆசிரியர்கள் இந்தப் பருவத்தில் ஒரு பயிற்சித்தாளிலாவது இச்சொல்லைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள். இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது: புரோகிராமும் ‘நிரல்’, மேட்ரிக்ஸின் மேலிருந்து கீழ் வரிசையும் (column) ‘நிரல்’. இருபரிமாணத் தரவணி வரும் நாளிலேயே இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதும். ‘நெடுவரிசை’ உதவுமா என்று தனி இழையில் பேசலாம்.